நல்ல ஆபரேட்டரை சூப்பர்வைசர் ஆக்கும் முன்னும் பின்னும்: பீன்யா ஷாப்களுக்கு 12 வாரப் பயிற்சி

பெங்களூரின் தொழிற்பேட்டையான பீன்யாவில் ஒரு சிஎன்சி (கணினி இயக்கும் மெஷின்) ஷாப்பில் சூப்பர்வைசர் இடம் காலியானால் அது பெரும்பாலும் ஒரே விதமாகத்தான் நிரம்புகிறது. எட்டு வருஷம் லேத் ஓட்டியவர், மெஷினை ஜாப்புக்குத் தயார் செய்யும் செட்டிங் சுத்தம், லீவு எடுக்கமாட்டார், முதலாளி ஊருக்குப் போனால் சாவி அவர் கையில்தான். “நாளையிலேர்ந்து ரெண்டாவது ஷிப்டை நீங்க பாத்துக்குங்க” என்று ஒரு திங்கட்கிழமை சொல்லிவிடுவார்கள். ஆறு மாதத்தில் அந்த ஷிப்டில் நாலு பையன்கள் வேலையை விட்டு நின்றிருப்பார்கள். நல்ல செட்டர் ஒருவர் கையைவிட்டுப் போயிருப்பார், மோசமான சூப்பர்வைசர் ஒருவர் கிடைத்திருப்பார். ஒரே கல்லில் இரண்டு நஷ்டம்.

அவர் மேல் தப்பில்லை. மெஷினைப் பழக எட்டு வருஷம் கொடுத்தவர்கள், மனிதர்களை வேலை வாங்கப் பழக எட்டு மணி நேரம்கூடக் கொடுக்கவில்லை. பீன்யா, பொம்மசந்திரா, ஜிகணி, எல்லை தாண்டி ஓசூர் வரை 40 முதல் 200 பேர் வேலை செய்யும் ஷாப்களின் முதலாளிகளுக்கும் பிளான்ட் மேனேஜர்களுக்கும் எழுதியது இது. ஐடி அலுவலகத்தில் டீம் லீட் ஆக்குகிறவர்களுக்கும் பாதி பொருந்தும்.

கோளாறு மேற்பார்வையில்தானா?

முதலில் அதை உறுதி செய்யுங்கள். போன ஆறு மாதத்தில் வேலையை விட்டவர்கள் பட்டியலை எடுத்து நான்கு பத்தி போடுங்கள்: சேர்ந்த தேதி, நின்ற தேதி, என்ன மெஷின், யாருக்குக் கீழே. ஷிப்ட் வாரிப் பார்த்தால் ஏமாறுவீர்கள். ஷிப்ட் சுழல்கிறது, ராத்திரி ஷிப்டில் எப்போதும் கொஞ்சம் அதிகமாகத்தான் ஆள் கழன்றுகொள்ளும். ஆகவே சூப்பர்வைசர் வாரியாகப் பாருங்கள். சம்பளம் ஒன்று, மெஷின் ஒன்று, ஜாப் ஒன்று, ஆனாலும் ஒருவரிடம் ஆள் தங்குகிறது, இன்னொருவரிடம் தங்கவில்லை என்றால் விடை கிடைத்துவிட்டது. சேர்ந்த 90 நாளுக்குள் நின்றவர்களைத் தனியே எண்ணுங்கள். புது ஆளுக்குக் கற்றுக்கொடுக்கத் தெரியாத இடத்தில்தான் அந்த எண் ஏறும்.

எல்லோரிடமும் சமமாக ஆள் கழன்றால் கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. பக்கத்துத் தெரு ஷாப்பில் மாதம் 1,500 ரூபாய் கூடக் கொடுத்தால் எந்தப் பயிற்சி வகுப்பும் அதைத் தடுக்காது.

நின்றவரிடம் காரணம் கேட்பதற்கும் ஒரு நேரம் இருக்கிறது. நிற்கிற நாளில் கேட்டால் “ஊர்ல அம்மாவுக்கு உடம்பு சரியில்ல” என்பார். பாக்கிப் பணம் உங்களிடம் இருக்கும்வரை எல்லா அம்மாவுக்கும் உடம்பு சரியில்லாமல்தான் இருக்கும். கணக்கை முடித்துக் கொடுங்கள். இப்போதைய ஊதியச் சட்டத் தொகுப்புப்படி விலகிய இரண்டு வேலை நாளுக்குள் அதைக் கொடுத்தாக வேண்டும். ஒரு மாதம் கழித்து, அந்த சூப்பர்வைசரும் முதலாளியும் அல்லாத ஒருவர், நின்றவரின் மொழியிலேயே போன் செய்யட்டும். இரண்டு கேள்வி போதும். என்றைக்கு நிற்பதென்று முடிவு செய்தீர்கள்? அன்றைக்கு என்ன நடந்தது? “ஏன் நின்றீர்கள்” என்று கேட்டால் பொதுவாக ஏதாவது சொல்லுவார்கள். “அன்றைக்கு என்ன நடந்தது” என்று கேட்டால் ஒரு சம்பவம் வரும். ஐந்து போனில் இரண்டு சம்பவம் ஒரே மாதிரி இருந்தால் அதுவே உங்கள் முதல் பாடம்.

யாரைத் தேர்ந்தெடுப்பது

செட்டிங் தெரிந்தவர் என்பது ஒரு தகுதிதான், அது மட்டுமே தகுதி அல்ல. ஷாப்பைச் சும்மா ஒரு வாரம் கவனியுங்கள். மெஷின் அலாரம் காட்டினால் புதுப் பையன்கள் யாரைத் தேடிப் போகிறார்கள்? அவர் அவர்கள் கையைத் தள்ளிவிட்டுத் தானே ரீசெட் அழுத்துகிறாரா, அல்லது “நீயே அழுத்து, என்ன வருதுன்னு சொல்லு” என்கிறாரா? இரண்டாமவர்தான் உங்கள் ஆள். மெஷின் வேலையில் இரண்டாம் இடத்தில் இருந்தாலும் பரவாயில்லை.

ஆறு வாரம் பொறுப்பு மட்டும் கொடுங்கள், பதவியைப் பிறகு பார்க்கலாம். சூப்பர்வைசர் லீவு போகும் நாட்களில் அவர் இடத்தில் நிற்கட்டும், அதற்கென ஒரு அலவன்ஸ் கொடுங்கள். பிடிக்கவில்லை என்றால் முகம் வாடாமல் மெஷினுக்குத் திரும்ப வழி இருக்க வேண்டும். இதற்கு இன்னொன்றும் தேவை: மெஷினிலேயே இருந்து சம்பளம் ஏறும் பாதை. மாஸ்டர் செட்டர் என்று ஒரு படி வைத்து சூப்பர்வைசருக்கு இணையான சம்பளம் கொடுத்தால், ஆளை வேலை வாங்குவதில் விருப்பமே இல்லாதவர்கள் சம்பளத்துக்காக மட்டும் அந்த நாற்காலியில் உட்காரமாட்டார்கள்.

நேரமும் இடமும்

இரண்டு நாள் ஹோட்டல் பயிற்சி வேண்டாம். பந்து எறிந்து விளையாடி, பஃபே சாப்பிட்டு, சர்டிபிகேட் வாங்கி வருவார்கள். திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு மெஷின் நின்றதும் பழைய வாய் திரும்பிவிடும்.

வாரம் ஒரு நாள், இரண்டு மணி நேரம், 12 வாரம். ஆறு, இரண்டு, பத்து என்று ஷிப்ட் ஓடும் இடத்தில் புதன்கிழமை மதியம் 2 முதல் 4 வசதி. காலை ஷிப்ட்காரர்கள் இருந்துவிட்டுப் போவார்கள், அவர்களுக்கு ஓடி (ஓவர்டைம்) போடுங்கள். இரண்டாவது ஷிப்ட்காரர் வகுப்பில் இருக்கும்போது அவர் லைனை யார் பார்ப்பார் என்று பெயர் எழுதிவையுங்கள். எழுதாவிட்டால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை யாராவது கதவைத் தட்டுவார்கள். ஞாயிற்றுக்கிழமை வைக்காதீர்கள், குடும்ப நேரத்தைப் பிடுங்கி நடத்தும் வகுப்பில் ஒருவர் மனமும் இருக்காது. மாதக் கடைசி வாரம் டிஸ்பாட்ச் நெருக்கடி, அதை முதலிலேயே நாட்காட்டியில் அடித்துவிடுங்கள். இல்லையென்றால் நாலாவது வாரம் வகுப்பு ரத்தாகும், ஐந்தாவது வாரம் பாதிப் பேர் வருவார்கள், ஆறாவது வாரம் மறந்துபோகும். பெரும்பாலான உள்பயிற்சிகள் செத்துப்போவது இந்த இடத்தில்தான்.

ஒரு குழுவில் அதிகபட்சம் 10 பேர். செலவு என்ன என்பார்கள். 10 பேர், 2 மணி, 12 வாரம் என்றால் 240 மணி நேரம், அதாவது 30 ஆள்-ஷிப்ட். ஒரு பயிற்சி பெற்ற ஆபரேட்டர் நின்று, புது ஆள் தேடி, அவர் தனியாக ஜாப் ஓட்டும்வரை எத்தனை ஷிப்ட் வீணாகிறது என்று உங்கள் ஷாப் கணக்கையே பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பாடத்தின் வரிசை இப்படி இருக்கலாம்: முதல் மூன்று வாரம் கற்றுக்கொடுக்கும் முறை. அடுத்த மூன்று வாரம் தவறு நடந்தால் பேசும் முறை. ஏழில் ஷிப்ட் ஒப்படைப்பு. எட்டில் லீவும் ஷிப்ட் பங்கீடும். ஒன்பதில் மொழியும் பாரபட்சமும். பத்தில் சட்டம். பதினொன்றில் வேலை முறையைச் சீராக்குதல். கடைசி வாரம் ஒவ்வொருவரும் தன் லைனில் மாற்றிய ஒரு விஷயத்தை மெஷின் பக்கத்தில் நின்று காட்ட வேண்டும். ஸ்லைடு போடக் கூடாது.

கற்றுக்கொடுக்கக் கற்பது

இந்தப் பாடத்தின் எலும்புக்கூடு புதிதல்ல. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் அனுபவமில்லாதவர்கள் ஏராளமாக வேலைக்கு வந்தபோது, மேஸ்திரிகளுக்காக உருவாக்கிய முறை இது. இரண்டு மணி நேர வகுப்பு ஐந்து, ஒரு வகுப்பில் பத்துப் பேர் என்றுதான் அங்கும் நடத்தினார்கள். போருக்குப் பின் ஜப்பான் அதை எடுத்துக்கொண்டது, டொயோட்டாவின் பயிற்சி முறைக்கும் அதுவே வேர்.

ஒரு வேலையை மூன்று பத்தி உள்ள அட்டவணையாக எழுத வேண்டும்: என்ன செய்கிறோம், எதில் கவனம், ஏன். மூன்றாவது பத்தியைத்தான் நம் ஷாப்களில் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

மைக்ரோமீட்டரில் ஒரு ஷாஃப்ட்டின் வெளிவிட்டம் அளப்பதை எடுத்துக்கொள்வோம். முதல் படி, இரண்டு அளவு முகங்களையும் துடைத்து ஜீரோ பார்ப்பது. ஒரு துளி கூலன்டோ ஒரு சின்னச் சீவலோ ஒட்டியிருந்தால் அளவு கூடிக் காட்டும். இரண்டாவது, ராட்செட்டை (நுனியில் உள்ள சின்னத் திருகு) மட்டும் திருகுவது. திம்பிளை (அளவுக் கோடு உள்ள உருளை) பிடித்து இறுக்கினால் அளவு குறைந்து காட்டும். மூன்றாவது, பீஸ் ஆறியிருக்க வேண்டும். புதுப் பையன் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இந்த மூன்றாவதில்தான். எஃகு ஒரு டிகிரி சூட்டுக்கு ஒரு மீட்டரில் சுமார் 11.5 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) விரியும். 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள பீஸ் அறைச் சூட்டைவிட 20 டிகிரி கூடுதலாக இருந்தால் 11, 12 மைக்ரான் பெரிதாகக் காட்டும். பையன் பீஸைப் பிடித்திருக்கும் சக்கிலிருந்து கழற்றிய சூட்டோடு அளக்கிறான், அளவு கூட என்று ஆஃப்செட்டை (மெஷினில் அளவைத் திருத்தும் எண்) குறைக்கிறான், ஒரு ட்ரே ஓட்டுகிறான். சாயங்காலம் குவாலிட்டியில் ஆறிய பீஸை அளந்தால் எல்லாம் அண்டர்சைஸ். டாலரன்ஸ் (அளவில் அனுமதித்த வித்தியாசம்) 20 மைக்ரான் என்றால் அதில் பாதிக்கு மேல் சூடே தின்றுவிட்டது.

இங்கே சூப்பர்வைசர் என்ன சொல்லுவார்? “கண்ணு தெரியலையா, மைக்ரோமீட்டர் பாக்கத் தெரியாதா?” பையனுக்கு மைக்ரோமீட்டர் பார்க்கத் தெரியும். அவனுக்குத் தெரியாதது சூடு. அதை யாரும் சொல்லவில்லை. அவனைத் திட்டினால் அடுத்த தடவை அளவையே மறைப்பான்.

சொல்லிக்கொடுக்கும் முறை: மூன்று தடவை செய்து காட்டுங்கள். முதல் தடவை படிகளை மட்டும் சொல்லி, இரண்டாம் தடவை கவனிக்க வேண்டியதைச் சேர்த்து, மூன்றாம் தடவை காரணத்தையும் சேர்த்து. பிறகு அவர் செய்யட்டும். முதலில் பேசாமல், அடுத்து படிகளைச் சொல்லிக்கொண்டு, கடைசியில் காரணத்தோடு. காரணத்தைத் தன் வார்த்தையில் சொல்லும்வரை தனியாக விடாதீர்கள். “புரிஞ்சுதா?” என்று மட்டும் கேட்காதீர்கள், அதற்கு “ஆமாண்ணா” தவிர வேறு பதில் வந்ததாகச் சரித்திரம் இல்லை.

வகுப்பில் ஒவ்வொருவரும் தன் லைனின் ஒரு வேலையை இப்படி எழுதி, நிஜமான புது ஆள் ஒருவருக்கு எல்லோர் முன்னிலும் கற்றுக்கொடுக்க வேண்டும். பத்துப் பேருக்கு மூன்று வாரம் சரியாகப் போதும். பழைய கைகள் இங்கேதான் திணறுவார்கள். இருபது வருஷம் செய்த வேலையைப் படிபடியாக எழுதச் சொன்னால் முதல் தடவை பாதியை விட்டுவிடுவார்கள்; கை அறிந்ததை வாய் மறந்திருக்கும். சிரிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தவறு நடந்தால் பேசுவது

நாலு படி: நடந்ததைச் சேகரி, யோசித்து முடிவெடு, செய், பலன் தெரிந்ததா என்று திரும்பிப் பார். சொல்ல எளிது. முதல் படியிலேயே பெரும்பாலோர் சறுக்குவார்கள், ஏனென்றால் கோபம் வந்த பிறகுதான் பேசவே ஆரம்பிக்கிறார்கள்.

விதி சுருக்கம். அன்றே பேசு, தனியே பேசு, பீஸைப் பற்றிப் பேசு, ஆளைப் பற்றிப் பேசாதே. “உனக்குப் பொறுப்பே கிடையாது” என்பதற்கு அவர் பதில் சொல்ல வழியில்லை. “நேத்து ரெண்டாவது ஷிப்ட்ல 14 பீஸ்ல உள்துளை அளவு கூடியிருக்கு. இன்சர்ட் (வெட்டுமுனை) எத்தனை மணிக்கு மாத்தினீங்க?” என்பதற்கு வழி இருக்கிறது. சத்தத்துக்கு நடுவில் கத்திப் பேசினால் சாதாரண வார்த்தையும் திட்டாகத்தான் கேட்கும், ஆகவே டூல் ரூமுக்கோ கேன்டீன் ஓரத்துக்கோ கூட்டிப் போகட்டும். பாராட்டு மட்டும் எல்லோர் எதிரிலும் இருக்கலாம்.

வகுப்பில் இதை நடித்துப் பழக வேண்டும். தானாக விட்டால் காமெடி ஆகிவிடும். ஒருவர் சினிமா முதலாளி மாதிரி நடிப்பார், எல்லோரும் கைதட்டுவார்கள். அதைத் தவிர்க்க, கற்பனைச் சம்பவம் கொடுக்காதீர்கள். போன மாத ரிஜெக்ஷன் ரிஜிஸ்டரிலிருந்து நிஜமான ஒரு வரியை எடுங்கள், ஆபரேட்டர் பெயரை மறைத்துவிடுங்கள்.

ஷிப்ட் ஒப்படைப்பு பத்து நிமிடத்தில் முடியும். என்ன ஜாப் ஓடுகிறது, எந்த மெஷினில் என்ன தொல்லை, கடைசியாக எப்போது இன்சர்ட் மாற்றியது, யார் வரவில்லை. எழுதி, இருவரும் கையெழுத்திட வேண்டும். வாயால் சொல்லிவிட்டுப் போனால் “எங்கிட்ட யாரும் சொல்லல” என்ற வாக்கியம் ஆயுளுக்கும் ஓயாது.

லீவும் மொழியும்

பெங்களூரு ஷாப்பில் ஒரே லைனில் ஸ்ரீராம்புரத்துத் தமிழரும், தும்கூர்க் கன்னடக்காரரும், ஒடிசாப் பையனும், பீகார்ப் பையனும் நிற்பார்கள். லீவுச் சண்டைகள் பாதி இங்கிருந்து கிளம்புகின்றன. தீபாவளி முடிந்த ஆறாம் நாள் சட் பூஜை. பீகார்க்காரருக்கு அதுதான் நமக்குப் பொங்கல் மாதிரி. “தீபாவளிக்குத்தான் லீவு குடுத்தோமே” என்று சொல்கிற சூப்பர்வைசருக்கு அது தெரிந்திருக்காது.

ரயில் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது, அதற்கு முன் 120 நாள் இருந்தது. பாட்னா பக்கம் போகும் சங்கமித்ரா எக்ஸ்பிரஸில் பண்டிகை நாளுக்கான டிக்கெட் திறந்த உடனே காலி. நீங்கள் 15 நாள் முன்னால் லீவு உறுதி செய்தால் கையில் டிக்கெட் இருக்காது. அவர் ஜெனரல் பெட்டியில் நசுங்கிப் போவார், திரும்பி வரத் தேதி இருக்காது, நீங்கள் “சொல்லாம ஓடிட்டான்” என்று எழுதுவீர்கள். ஆகவே பண்டிகைக்கு 75 நாள் முன்னால் லீவுப் பலகையைத் தொங்கவிட்டு, 65 நாள் முன்னால் முடிவு செய்துவிட வேண்டும். போன வருஷம் யாருக்குக் கிடைக்கவில்லையோ அவருக்கு இந்த வருஷம் முன்னுரிமை, அது எல்லோர் கண்ணிலும் படும்படி பலகையிலேயே இருக்கட்டும்.

தமிழ் சூப்பர்வைசர்களுக்கு ஒரு வார்த்தை. தமிழ்ப் பையன்களோடு தமிழில் சிரித்துப் பேசிவிட்டு, மற்றவர்களிடம் ஒற்றை வார்த்தை ஹிந்தியில் ஆணையிட்டால், நீங்கள் ஓடி பங்கிடுவது நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தாலும் யாரும் நம்பமாட்டார்கள். ஓடி யாருக்கு எத்தனை மணி என்று வாரம்தோறும் நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். வேலை சம்பந்தமான பேச்சு எல்லோருக்கும் புரியும் மொழியில் இருக்கட்டும். இந்த ஊரில் அது பெரும்பாலும் கன்னடமும் ஹிந்தியும் கலந்த ஒன்று. ‘சொல்ப அட்ஜஸ்ட் மாடி’ (கன்னடத்தில், கொஞ்சம் அனுசரித்துப் போங்க) எல்லா இடத்திலும் செல்லும், ஆனால் அதே ஆளையே ஒவ்வொரு தடவையும் அட்ஜஸ்ட் செய்யச் சொன்னால் அதற்குப் பெயர் வேறு.

சட்டம்: பத்தாவது வாரம்

வக்கீல் ஆக்க வேண்டாம், மூன்று விஷயம் போதும். வாரம் 48 மணி நேரத்துக்கு மேல் போனால் இரட்டைச் சம்பளம். பழைய 1948 தொழிற்சாலைச் சட்டத்திலும், 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் இதுவே. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், 2013 சட்டப்படி பாலியல் தொல்லைப் புகார்களுக்கு உள்குழு இருக்க வேண்டும். புகாரைச் சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் கொடுக்கலாம். அப்படி ஒரு பேச்சு காதில் விழுந்தால் சூப்பர்வைசர் பஞ்சாயத்து செய்யக் கூடாது, அந்தப் பெண்ணுக்குக் குழுவின் வழியைக் காட்ட வேண்டும். 20 தொழிலாளர் இருந்தால் குறை தீர்க்கும் குழு வேண்டும், அதில் இரு தரப்புக்கும் சம எண்ணிக்கை.

முதலாளி செய்ய வேண்டியது

இது கசக்கும். சூப்பர்வைசர் பையன்களிடம் பேசுவது எப்படியோ, பெரும்பாலும் அது மேலே உள்ளவர் அவரிடம் பேசும் முறையின் நகல்தான். ராத்திரி 11 மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் ரிஜெக்ட் பீஸ் போட்டோ போட்டு “யாரு இதுக்குப் பொறுப்பு???” என்று கேட்கும் இடத்தில் எந்தப் பயிற்சியும் வேர் பிடிக்காது. அந்தப் பழக்கம் முதல் வகுப்புக்கு முன்பே நிற்க வேண்டும். ஆபரேட்டர் நேராக உங்கள் கேபினுக்கு வந்து பர்மிஷன் கேட்டால், கொடுக்காதீர்கள், மறுக்கவும் வேண்டாம். “உங்க சூப்பர்வைசர்கிட்ட பேசிட்டீங்களா?” என்று மட்டும் கேளுங்கள். அவரைத் தாண்டி ஒரு தடவை நீங்கள் கொடுத்தால், அதற்குப் பிறகு அவர் சொல்லுக்கு ஷாப்பில் விலை இல்லை.

அதிகாரத்தை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். சந்தேகம் வந்தால் மெஷினை நிறுத்தலாம், முதல் பீஸை நிராகரிக்கலாம், இரண்டு மணி நேர பர்மிஷன் தரலாம், இருவர் ஒப்புக்கொண்டால் ஷிப்ட் மாற்றலாம், 500 ரூபாய் வரை சில்லறைச் சாமான் வாங்கலாம். சம்பளம் பிடிப்பது, ஆளை வெளியே அனுப்புவது, வருகையில் கை வைப்பது கூடாது. அவர் மெஷினை நிறுத்தி, பிறகு எல்லாம் சரியாகத்தான் இருந்தது என்று தெரிந்தாலும், அன்றைக்கு அவரை ஒன்றும் சொல்லாதீர்கள்.

வகுப்பில் முதலாளி உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். முதல் வகுப்பில் ஐந்து நிமிடம் பேசிவிட்டு வெளியே போய்விடுங்கள், கடைசி வாரம் மெஷின் பக்கம் வாருங்கள்.

வெளியாள் வேண்டுமா?

நடத்த ஆள் இல்லையென்றால் வெளியிலிருந்து கூப்பிடலாம். பெங்களூரில் தொழில்நுட்பப் பயிற்சிக்குக் குறைவில்லை: ராஜாஜிநகரில் அரசு டூல் ரூம், பீன்யாவில் என்டிடிஎஃப் (நெட்டூர் தொழில்நுட்பப் பயிற்சி நிறுவனம்), தும்கூர் ரோட்டில் சிஎம்டிஐ (மத்திய உற்பத்தித் தொழில்நுட்ப நிறுவனம்). மேற்பார்வைப் பயிற்சிக்கு ஆள் தேடும்போது மூன்று கேளுங்கள். ஒரு நாள் எங்கள் ஷாப்பில் நின்று பார்ப்பீர்களா? எங்கள் ரிஜிஸ்டரை வைத்து நடத்துவீர்களா? முடிந்து 60-வது நாள் திரும்ப வருவீர்களா? ஒன்றுக்காவது இல்லை என்றால் விசிட்டிங் கார்டை வாங்கி வைத்துக்கொண்டு டீ கொடுத்து அனுப்புங்கள்.

பலனை அளக்க, அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-ல் சொன்ன நான்கு அடுக்கு இன்றும் போதும்: பிடித்ததா, கற்றாரா, வேலையில் செய்கிறாரா, அதனால் என்ன மாறியது. வகுப்பு முடிந்ததும் நிரப்பும் படிவம் முதல் அடுக்கு மட்டும். டீயும் சமோசாவும் நன்றாக இருந்தால் அதில் மதிப்பெண் ஏறும். மூன்றாவதைப் பார்க்க வாரம் 20 நிமிடம் ஷாப்பில் நிற்க வேண்டும்: புது ஆளுக்கு மூன்று பத்தித் தாள் இருக்கிறதா, ஒப்படைப்பு நோட்டில் இரண்டு கையெழுத்து இருக்கிறதா. நான்காவது, நீங்கள் ஆரம்பத்தில் போட்ட அதே பட்டியல். 90 நாளுக்குள் நின்றவர்கள், சூப்பர்வைசர் வாரியாக. ஆறு மாதத்துக்கு முன் அது அசையாது, அவசரப்படாதீர்கள்.

பன்னிரண்டு வாரம் முடிந்தும் ஒருவருக்கு இது கைவரவில்லை என்றால், இன்னொரு மூன்று மாதம் இழுக்காதீர்கள். தனியாகக் கூப்பிட்டு, “அண்ணா, மெஷின்ல உங்களை மாதிரி ஆள் எங்களுக்கு இல்ல. மாஸ்டர் செட்டரா அங்கேயே இருங்க, சம்பளம் ஒரு பைசா குறையாது” என்று சொல்லுங்கள். திங்கட்கிழமை காலை மீட்டிங்கில், புது ஜாப்பின் செட்டிங்கை அவரிடம் ஒப்படைப்பதாக எல்லோர் முன்னிலும் நீங்களே அறிவியுங்கள். பதவி மாறிய செய்தி அதற்கு முன் கேன்டீனுக்குப் போய்ச் சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.